கு ஜியேகாங்: ஒரே மூதாதையர் இல்லை என்றார், ஒரே தேசிய இனம் என்றார்

கு ஜியேகாங் என்ற சீன வரலாற்றாசிரியர் 1923இல் எழுதினார்: சீன மக்கள் எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணத்தை உடைத்தாக வேண்டும். அதே மனிதர் 1939இல் ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பு: ‘சீனத் தேசிய இனம் ஒன்றே.’ முதலாவதை எழுதும்போது அவருக்கு 30 வயது. இரண்டாவதை எழுதும்போது 45.

இவரைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். பண்பாடு, இனம், தேசம் பற்றிப் பேசிய சீன அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிக்கல் முழுவதும் ஒரே ஆளின் வாழ்க்கைக்குள் நடந்தது இவரிடம்தான் என்று நினைக்கிறேன். இளமையில் ஒரு தேசத்தின் பூர்வகதையைக் கலைத்துப் போட்டவரிடம், போர் வந்ததும், அந்தத் தேசத்தை ஒன்றாகப் பிடித்துவைக்க ஏதாவது எழுதித் தா என்று காலம் கேட்டது. அவரும் எழுதினார். என்ன எழுதினார், எதை விட்டுவிட்டார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கு 1893இல் சூஜோ நகரில் ஒரு படித்த குடும்பத்தில் பிறந்தார். அவரை வளர்த்தது பாட்டி. தாத்தா அவரைத் தெருவில் கூட்டிப் போகும்போது இந்தப் பாலம் எப்படி வந்தது, இந்த வளைவு யார் நினைவாகக் கட்டியது என்று சொல்லிக்கொண்டே நடப்பாராம். பின்னாளில் தன் வரலாற்றுப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எழுதும்போது இதையெல்லாம் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

1913இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் முன்படிப்பில் சேர்ந்தவருக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது. வகுப்பைவிட அரங்கில் இருந்த நேரம்தான் அதிகம். பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. ஒரே கதையை இரண்டு குழுக்கள் ஆடினால் இரண்டு மாதிரி இருக்கிறது. வரலாற்று நூலில் இரண்டு வரி வரும் ஆள், மேடையில் முழு வாழ்க்கையோடு நிற்கிறான். கதை கைமாறும்போதெல்லாம் வளர்கிறது, அதை வளர்ப்பவர்களின் தேவைக்கு ஏற்ப வளர்கிறது. சரி, மேடைக் கதைக்கு இது பொருந்தும் என்றால், பழம்பேரரசர்களின் கதைக்கு ஏன் பொருந்தாது? அவருடைய ஆய்வு முறை முழுவதற்கும் விதை இதுதான்.

1917இல் ஹு ஷி என்ற இளம் பேராசிரியர் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து சீனத் தத்துவ வரலாறு நடத்தினார். அதுவரை அந்தப் பாடம் புராணகாலப் பேரரசர்களில் தொடங்கும். ஆசிரியர் வருடக்கணக்கில் பேசியும் வரலாற்றுக் காலத்தை எட்டமாட்டார். ஹு ஷி அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஜோ வம்சத்தின் பிற்காலத்திலிருந்து, அதாவது நம்பத்தக்க ஆவணம் இருக்கும் இடத்திலிருந்து, நேராகத் தொடங்கினார். மாணவர்களுக்கு அதிர்ச்சி. வெளியே தள்ள வேண்டும் என்ற பேச்சுகூட எழுந்தது. கு தன் அறைத்தோழர் ஃபூ சுநியானை அழைத்துப்போய் அந்த வகுப்பில் உட்காரவைத்தார். அவரும் கேட்டுவிட்டு, இந்த ஆள் படித்தது குறைவாக இருக்கலாம், போகும் வழி சரி என்றார். இந்த ஃபூ சுநியானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1939இல் மறுபடி வருவார்.

அப்புறம் பாடல்கள். முதல் மனைவியின் மரணமும் தூக்கமின்மையும் சேர்ந்து உடல் நலம் கெட்டு, கு சூஜோவுக்குத் திரும்பியிருந்த நாட்களில், கனமான நூல்களைப் படிக்க முடியவில்லை. வீட்டுக் குழந்தைகள், பாட்டி, வீட்டில் வேலை செய்த பெண்கள் என்று எல்லோரிடமும் கேட்டு, அந்த ஊர்ப் பேச்சுமொழிப் பாடல்களை எழுதத் தொடங்கினார். 1926இல் அது நூலாக வந்தது. படித்த குடும்பத்துப் பிள்ளை தாலாட்டையும் தெருப்பாட்டையும் கன்பூசிய நூல்களுக்குச் சமமான ஆவணமாக எடுத்துக்கொண்டது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. 1928இல் குவாங்ஜோவில் அவரும் நண்பர்களும் ஒரு நாட்டார் வழக்காற்று வார இதழைத் தொடங்கியபோது, ஞானிகளை நடுவில் வைத்த வரலாற்றை உடைத்து மக்கள் அனைவரின் வரலாற்றைக் கட்டுவோம் என்று முதல் இதழிலேயே அறிவித்தார்கள்.

1923இல் அவர் சியன் சுவான்தோங் என்ற அறிஞருக்கு எழுதிய கடிதம் ஒரு இதழில் அச்சானது. அதன் சாரம் இது. ஜோ வம்சத்தின் தொடக்ககாலத்து மக்களுக்குத் தெரிந்த மிகப் பழைய ஆள், வெள்ளத்தை அடக்கிய யூ. கன்பூசியஸ் காலத்தில் அவருக்கு முன்னால் யாவ், ஷுன் என்ற இரண்டு அரசர்கள் சேர்கிறார்கள். போரிடும் நாடுகள் காலத்தில் (கி.மு. 5 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை) அவர்களுக்கும் முன்னால் மஞ்சள் பேரரசரும் ஷென்நோங்கும். சின் வம்சத்தில் மூன்று மாமன்னர்கள். ஹான் வம்சத்துக்குப் பிறகு, உலகையே பிளந்து படைத்த பான்கு. ஆக, காலம் பிந்தப் பிந்தப் பழங்காலம் நீள்கிறது. கடைசியாகச் சேர்ந்தவருக்கே முதல் இடம். விறகு அடுக்குவது போல, பிந்தி வருவது மேலே உட்காருகிறது என்று பழைய சீன வாசகம் ஒன்றை அவர் இதற்கு எடுத்தாண்டார்.

இந்தக் கருத்து ஏன் வெடித்தது என்று புரிய, மஞ்சள் பேரரசருக்கு அப்போது என்ன வேலை இருந்தது என்று பார்க்க வேண்டும். மஞ்சூ வம்சத்தை விரட்டக் கிளம்பிய புரட்சிக்காரர்கள் அவரை எல்லாச் சீனருக்கும் குலமுதல்வராக முன்னிறுத்தியிருந்தார்கள். பேரரசரின் ஆட்சியாண்டைக் கைவிட்டு, மஞ்சள் பேரரசர் ஆண்டு என்று புதுக் கணக்கே வைத்திருந்தார்கள். 1912 ஜனவரி 1, குடியரசு பிறந்த நாள், அந்தக் கணக்கில் 4609ஆம் ஆண்டின் ஒரு நாள். பன்னிரண்டு வருடம்கூட முழுதாக ஓடவில்லை, ஒரு இளைஞன் வந்து அந்தக் குலமுதல்வர் போரிடும் நாடுகள் காலத்தில் சேர்ந்த அடுக்கு என்கிறான்.

அதே ஆண்டில் அவர் நான்கு நம்பிக்கைகளை உடைக்க வேண்டும் என்றும் எழுதினார். இனம் ஒரே மூலத்திலிருந்து வந்தது. நிலப்பரப்பு என்றைக்கும் ஒன்றாகவே இருந்தது. தெய்வங்களும் விலங்குகளும் உண்மையில் வாழ்ந்த மனிதர்கள். பழங்காலம் ஒரு பொற்காலம். இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், தேசியப் பெருமிதம் எங்கெல்லாம் உருவாகிறதோ அங்கெல்லாம் தேவைப்படும் நான்கு தூண்களும் இவைதான். அவை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கைவைத்தார்.

போகிற போக்கில் அவர் சொன்ன ஒரு ஊகம் காலமெல்லாம் அவரைத் துரத்தியது. யூ என்ற எழுத்தின் பழைய பொருளை வைத்து, அது வெண்கலக் கலங்களில் வார்க்கப்பட்ட ஏதோ ஊர்வனவாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். விரைவிலேயே அதைக் கைவிட்டார். ஆனால் ‘யூ ஒரு புழு என்று சொன்னவன்’ என்ற கிண்டல் ஒட்டிக்கொண்டது. எழுத்தாளர் லூ சுன் ஒரு கதையில் அவரை வைத்து நையாண்டி செய்தார், அவருடைய திக்குவாயையும் விடவில்லை. லூ சுன்னின் எழுத்துமேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த இடத்தில் மட்டும் அவரோடு என்னால் நிற்க முடியவில்லை.

குவின் முறையின் அழகு முழுதாகத் தெரிவது மெங் ஜியாங்நு பற்றிய ஆய்வில். பெருஞ்சுவர் கட்டப்போன கணவன் செத்துப்போக, அவள் அழுத அழுகையில் சுவரே இடிந்து விழுந்தது என்ற கதையை அறியாத சீனர் இருக்கமாட்டார். 1924இல் கு அந்தக் கதையைப் பின்னோக்கித் தேடிப் போனார். மிகப் பழைய குறிப்பு கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சி நாட்டு வீரன் ஒருவன் போரில் இறக்கிறான். அரசன் அவன் மனைவியிடம் நடுவெளியில் இரங்கல் சொல்லப் பார்க்கிறான். முறைப்படி வீட்டுக்கு வந்து சொல்லுங்கள் என்று அவள் மறுக்கிறாள். அவ்வளவுதான் கதை. அழுகையும் இல்லை, சுவரும் இல்லை. சடங்கு முறை தெரிந்த, நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண் மட்டும் இருக்கிறாள். போரிடும் நாடுகள் காலத்தில் அவள் உருக்கமாக அழுகிறாள், அந்த நாட்டில் அப்போது ஒப்பாரி பாடுவதற்குப் பெரிய மதிப்பு. ஹான் காலத்தில் அவள் அழுது ஒரு நகரத்தின் மதில் விழுகிறது. வானமும் மண்ணும் மனிதத் துயரத்துக்குப் பதில் சொல்லும் என்று நம்பிய காலம் அது. தாங் வம்சத்தில், எல்லையில் சாகும் வீரர்களை நினைத்து வீடுகளில் பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது, விழுவது பெருஞ்சுவராகிறது, கணவனைக் கொன்ற குற்றம் முதல் பேரரசர் தலையில் விழுகிறது.

எந்த வடிவத்தையும் அவர் பொய் என்று தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு அடுக்கும் தன்னை உண்டாக்கிய காலத்துக்கு உண்மையான சாட்சி என்றார். மஞ்சள் பேரரசரின் கதை மஞ்சள் பேரரசர் காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, ஆனால் அதைச் சொன்ன போரிடும் நாடுகள் காலத்தைப் பற்றி நிறையச் சொல்லும். இவரை வெறும் சந்தேகவாதி என்று சொல்பவர்கள் கவனிக்காத இடம் இது. அவர் இடித்ததைவிட மீட்டெடுத்தது அதிகம்.

இடையில் ஒரு செய்தி, தமிழ் வாசகர்களுக்காக. 1926இன் கடைசியில் சியாமென் பல்கலைக்கழகத்தில் கொஞ்சகாலம் இருந்தபோது கு குவான்ஜோவுக்குப் போய், அந்த ஊரின் மண்காவல் தெய்வங்களைப் பற்றி எழுதினார். 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே குவான்ஜோதான். சிவன் கோயில் தூண்கள் இன்றும் அங்கே ஒரு பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது 1950களில்தான், அவர் போனபோது யாருக்கும் தெரியாது. அடுக்குகளைத் தேடிய ஒருவர் நம்முடைய ஒரு அடுக்கின் பக்கத்தில் நடந்து போயிருக்கிறார் என்று நினைக்கையில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

1929இல் அரசு அவர்மேல் பாய்ந்தது. ஷாங்காயின் வணிக அச்சகத்துக்காக அவரும் இன்னொருவரும் எழுதிய நடுநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடநூலில் பான்கு இல்லை. மற்ற பழம்பேரரசர்கள் ‘சொல்லப்படும்’ என்ற அடைமொழியோடு வந்தார்கள். ஆளும் குவோமிந்தாங் கட்சியின் பெரிய சித்தாந்தவாதி தாய் ஜிதாவ் கொதித்தார். சீன மக்கள் ஒன்றாக இருப்பதே எல்லோரும் ஒரே மூதாதையரின் பிள்ளைகள் என்று நம்புவதால்தான், இல்லை என்று சொன்னால் நாடே சிதறிவிடும் என்பது அவர் வாதம். பிரதிக்கு 1 யுவான் வீதம் 16 லட்சம் யுவான் அபராதம் என்ற பேச்சு வந்ததாகக் கு பின்னர் நினைவுகூர்ந்தார். அச்சகத்தார் ஆள்பிடித்துப் பேசி அபராதத்தைத் தவிர்த்தார்கள். புத்தகம் தடை செய்யப்பட்டது.

தாய் ஜிதாவின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் கேட்டதன் அர்த்தம் இதுதான்: பொது மூதாதையர் இல்லையென்றால், நம்மை ஒன்றாக வைத்திருப்பது எது? 1929இல் குவிடம் அதற்குப் பதில் இல்லை. பத்து வருடம் கழித்து அவர் பதில் எழுதினார்.

அந்தப் பத்து வருடங்களில் நிறைய நடந்தது. 1931இல் தொல்லிடங்களைப் பார்க்க ஹெபெய், ஹெனான், ஷான்ஷி, ஷான்டோங் பக்கம் போனவர், கிராமங்களின் வறுமையையும் அபினியையும் பார்த்து நிலைகுலைந்து திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு அங்கே மஞ்சூகுவோ என்ற பொம்மை அரசு, மஞ்சூக்களுக்கு அவர்களுடைய நாடு என்ற பெயரில். கு பாடல்களை மறுபடி கையில் எடுத்தார். இந்தத் தடவை சேகரிக்க அல்ல, எழுத. ஜப்பானை எதிர்க்கச் சொல்லும் கதைப்பாட்டுகளை மலிவுப் பதிப்பாக மக்களிடம் கொண்டுபோக ஒரு அமைப்பை நடத்தினார். 1934இல் வரலாற்றுப் புவியியலுக்காக ‘யூ கோங்’ என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு கோடையில் சில பேராசிரிய நண்பர்களோடு ரயிலேறி சுய்யுவானுக்கும், மங்கோலிய சுயாட்சி இயக்கத்தின் மையமாக இருந்த பாய்லிங்மியாவோவுக்கும் போனார். மங்கோலிய இளவரசர்களுக்கும் ஜப்பானியருக்கும் இடையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நேரில் பார்த்ததும், ஓலையும் எலும்பும் படித்த மனிதர் எல்லைகளைப் படிக்கத் தொடங்கினார்.

1937 ஜூலையில் போர் மூண்டதும், அந்த மலிவுப் பதிப்புகளுக்காகவே ஜப்பானியர் தேடியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பெய்ப்பிங்கை (இன்றைய பெய்ஜிங்கை) விட்டு ஓடினார். அடுத்து ஏறக்குறைய ஒரு வருடம் கான்சு, சிங்ஹாய் பகுதிகளில், பள்ளிகளைப் பார்வையிடும் வேலையில் சுற்றினார். சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் மக்களும் ஹுய் முஸ்லிம்களும் திபெத்தியரும் கலந்து வாழும் பகுதி அது. பழைய கலவரங்களின் ரத்தம் ஊர் நினைவில் காயாமல் இருந்தது. அங்கே சாதாரண மக்கள் தங்களை வேறுவேறு இனம் என்று சொல்லவில்லை, ஹான் மார்க்கம், ஹுய் மார்க்கம், திபெத்திய மார்க்கம் என்றே சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொண்டார்.

1938 கடைசியில் யுன்னானின் தலைநகர் குன்மிங்குக்கு வந்து சேர்ந்தார். உடல்நலமில்லாமல் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் தங்கியிருந்தார். செப்டம்பரிலேயே ஜப்பானிய விமானங்கள் குன்மிங்கில் குண்டுபோட்டிருந்தன. அப்போதுதான் பழைய அறைத்தோழர் ஃபூ சுநியானிடமிருந்து கடிதம். இருவரும் 1920களின் முடிவிலேயே மனக்கசப்பில் பிரிந்தவர்கள். கடிதத்தின் பொருள் கறாரானது. நீங்கள் நடத்தும் நாளிதழ் இணைப்பில் ‘எல்லைப்புறம்’, ‘தேசிய இனம்’ என்ற சொற்களைக் கவனமாகக் கையாளுங்கள். சயாம்காரர்கள் தாய் மொழி பேசும் எல்லோரையும் தங்கள் இனம் என்கிறார்கள். இந்த நேரத்தில் யுன்னானில் உட்கார்ந்து தனித்தனி இனங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் நாடு துண்டாகும். கு கோலை ஊன்றி எழுந்துபோய் மேசையில் உட்கார்ந்து எழுதினார். 1939 பிப்ரவரி 13 அன்று கட்டுரை வெளியானது.

அதைப் படிக்கும் முன் நான் எதிர்பார்த்தது, மஞ்சள் பேரரசர் திரும்பி வருவார் என்று. வரவில்லை. நாடு எரிந்துகொண்டிருக்கும்போதும், தான் கலைத்த கதையை அவர் திரும்ப எடுக்கவில்லை. ஹான் மக்களின் ரத்தம் கலப்பு ரத்தம் என்றே தொடங்குகிறார். ஹான் பண்பாடும் கலப்புதான்: உடுத்தும் உடையிலும் உட்காரும் முறையிலும் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது எவ்வளவு என்று காட்டுகிறார். கன்பூசியஸையே சாட்சிக்கு அழைக்கிறார். ஷாங் அரசவழியில் வந்தவர், தன் முன்னோரை வென்ற ஜோவின் வழியைத்தான் பின்பற்றுவதாகச் சொன்னாரே, அவர் மதித்தது ரத்தத்தையா? ஆக, தேசிய இனம் என்பதற்கு ரத்தமும் அடிப்படை இல்லை, ஒரே பண்பாடும் அடிப்படை இல்லை. ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாகத் துன்பப்பட்டு, நாம் என்ற உணர்வு கொண்டவர்கள் ஒரே தேசிய இனம். சின் வம்சம் கி.மு. 221இல் நாட்டை இணைத்ததிலிருந்து அந்த உணர்வு வளர்ந்து வந்திருக்கிறது என்பது அவர் வாதம். ஹான், மஞ்சூ, மங்கோலியர், ஹுய், திபெத்தியர் என்ற ஐந்து இனங்களின் குடியரசு என்று 1912இல் சொன்னது, பட்டுப்புழு கூடு நூற்றுத் தன்னையே சிறைவைத்த கதை என்று எழுதினார்.

தாய் ஜிதாவுக்கு அவர் பத்து வருடம் கழித்துச் சொன்ன பதில் இதுவே. நேர்மையான பதில். ஒரு மனிதனைச் சீனனாக்குவது பிறப்பு அல்ல என்று போர்க்காலத்தில் ஒரு தேசபக்தர் எழுதியிருக்கிறார். அதே வருடங்களில் ரத்தத்தின் பெயரால் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும்.

ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது, அங்கே வந்தால் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். சீனாவுக்குள் மூன்று பண்பாட்டுக் குழுக்கள் உண்டு என்கிறார்: ஹான், ஹுய், திபெத். மஞ்சூக்கள் ஹான் குழுவில் முழுதாகச் சேர்ந்துவிட்டார்கள். மங்கோலியர் திபெத்தியக் குழுவில் முழுதாகச் சேர்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு விதவையின் அழுகையை இரண்டாயிரம் வருடம் நூல்விட்டுத் தேடிப்போன மனிதர், மங்கோலியரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர்கள் திபெத்திய பௌத்தர்கள் என்பது உண்மை. அவர்களுக்குத் தனி மொழி, தனி எழுத்து, தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதைகள் உண்டு என்பதும் உண்மை. பாய்லிங்மியாவோவரை போய் வந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

எனக்குப் படுவது இது. 1923இல் அவர் ஒவ்வொரு நம்பிக்கையிடமும் ஒரு கேள்வி கேட்டார்: நீ எந்தக் காலத்தில் பிறந்தாய், நீ யாருக்குத் தேவைப்பட்டாய்? 1939இல் தன் நம்பிக்கையிடம் அதைக் கேட்கவில்லை. சீனத் தேசிய இனம் என்ற தொடரையே சீர்திருத்தச் சிந்தனையாளர் லியாங் சிச்சாவ் 1902இல்தான் பயன்படுத்தத் தொடங்கினார். அந்த ஒற்றுமை உணர்வைச் சின் வம்சம்வரை பின்னால் நீட்டியபோது, பழங்காலம் எப்படி நீள்கிறது என்று உலகுக்குக் காட்டியவரே அதை நீட்டினார். குண்டு விழும் குன்மிங்கில், கோலூன்றி எழுந்த ஒரு நோயாளி அடுக்கிய அடுக்கு அது. அவருடைய முறைப்படியே படித்தால், கி.மு. 221ஐப் பற்றி அது தரும் சாட்சியைவிட 1939ஐப் பற்றித் தரும் சாட்சி வலுவானது.

இதை அந்த மாதங்களிலேயே புரிந்துகொண்ட ஒருவர் யுன்னான் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஃபெய் சியாவ்தோங், 28 வயது, லண்டனில் மானுடவியல் முடித்து முந்தைய ஆண்டு திரும்பியவர். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1935இல் அவரும் புதிதாகத் திருமணமான மனைவி வாங் தோங்ஹுயியும் குவாங்ஷியின் யாவோ மலைகளுக்கு ஆய்வுக்குப் போனார்கள். காட்டில் வழி தவறி, ஃபெய் புலிக்கு வைத்த பொறியில் சிக்கிக் காயப்பட்டார். உதவி தேடி ஓடிய மனைவி மலை ஓடையில் விழுந்து இறந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகளை ஃபெய் நூலாக்கி வெளியிட்டார். ஆகையால் யாவோ மக்கள் என்று தனியே யாரும் இல்லை என்ற பேச்சு ஃபெய்க்கு வெறும் கோட்பாடாக இருந்திருக்க முடியாது. இது என் ஊகம்தான். அவருடைய பதிலில் சொந்தத் துயரத்தின் ஒரு வரிகூட இல்லை.

1939 மே 1 அன்று வெளியான அந்தப் பதில் பணிவானது, தெளிவானது. மொழியிலும் பண்பாட்டிலும் உடலமைப்பிலும் வேறுபட்ட மக்கள் இருக்கிறார்கள், அது ஒரு உண்மை. இல்லை என்று சொல்வதால் அது மறையாது. ஒரு நாடு அரசியலில் ஒன்றாக இருக்க இந்த வேறுபாடுகள் அழியத் தேவையும் இல்லை. எதிரி வந்து பிளக்க முடிகிறது என்றால், உள்ளே சமத்துவம் இல்லாததுதான் பிளவுக்கு இடம் தருகிறது. பெயர்களை நீக்குவதைவிட, எல்லோரும் சமமாகப் பங்கெடுக்கும் ஒரு அரசைக் கட்டுவதே வேலை.

கு நீளமாக இரண்டு பதில்கள் எழுதினார். ஃபெய் அதற்குமேல் எழுதவில்லை. இதற்கிடையில் ஃபூ சுநியான் மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, ஃபெய்யைப் பற்றியும் அவருடைய ஆசிரியர் வூ வென்சாவ் பற்றியும் புகார் செய்தார். 1934இல் குவோடு அதே ரயிலில் பாய்லிங்மியாவோ போனவர் இந்த வூ வென்சாவ். கருத்துக்குக் கருத்தால் பதில் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் அதிகாரத்தைக் கூப்பிட்டது எனக்கு வருத்தமான விஷயம். கு அப்படிச் செய்யவில்லை, எதிர்க்கட்டுரையைத் தன் இதழிலேயே அச்சிட்டார். அதற்காக அவர்மேல் என் மதிப்பு கூடுகிறது.

1943இல் குவோமிந்தாங் தலைவர் சியாங் காய்-ஷேக் பெயரில் வந்த நூல், சீனாவில் உள்ள எல்லா மக்களும் ஒரே இனத்தின் கிளைக்குலங்கள் என்றது. குவின் கருத்தை அரசு எடுத்துக்கொண்டு, அவர் கவனமாக விலக்கிவைத்த ரத்த உறவை அதில் திரும்பக் கலந்தது. ஒரு வரலாற்றாசிரியரின் நுணுக்கம் ஆட்சியாளரின் மேசையில் எவ்வளவு நாள் பிழைக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதே ஆண்டில், வெளிநாட்டாரின் சிறப்புரிமைகள் ஒழிந்ததைக் கொண்டாட, சியாங்குக்கு ஒன்பது வெண்கல முக்காலிக் கலங்கள் பரிசளிக்கத் திட்டமிட்டார்கள். ஒன்பது கலங்களை முதலில் வார்த்தவர் யூ என்பது ஐதீகம். அவற்றின் வாசகத்தை எழுதிக்கொடுத்தவர் கு ஜியேகாங். யூ மனிதரே இல்லாமல் இருக்கலாம் என்று 1923இல் எழுதியவர். நண்பர்கள் சிலர் இதை மன்னிக்கவில்லை.

1949க்குப் பிறகு நாடு ஃபெய்யின் பக்கம் சாய்ந்தது போல் இருந்தது. 1953 கணக்கெடுப்பில் நீங்கள் எந்த இனம் என்று கேட்டபோது 400க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன, யுன்னானிலிருந்து மட்டும் 200க்கு மேல். அறிஞர்கள் போய் வகைப்படுத்தி, 1979இல் ஜினோ மக்களைச் சேர்த்ததோடு எண்ணிக்கை 56இல் நின்றது. 1957இல் வலதுசாரி என்று முத்திரை குத்தி ஃபெய்யை ஒதுக்கினார்கள். கலாச்சாரப் புரட்சியில் குவை அவமானப்படுத்தினார்கள். 1971இல் பிரதமர் ஜோ என்லாய் அவரிடம் 24 வம்ச வரலாறுகளுக்கு நிறுத்தக்குறி இடும் பெரும்பணியைக் கொடுத்தார். 1980 டிசம்பர் 25 அன்று அவர் இறந்தார்.

1988இல் ஹாங்காங்கில் ஃபெய் ஒரு சொற்பொழிவில், சீனத் தேசிய இனம் பன்மைக்குள் ஒருமை கொண்ட அமைப்பு என்றார். பழைய எதிராளியின் ‘ஒன்று’ அதில் இருக்கிறது, தன்னுடைய ‘பல’வும் இருக்கிறது. 1993இல் குவின் நூற்றாண்டையொட்டி எழுதும்போது, அந்த விவாதத்தை ஏன் நிறுத்தினேன் என்பதற்குக் காரணம் சொன்னார். ஜப்பானியப் படையெடுப்பைக் கண்டு கொதித்த தேசப்பற்றிலிருந்துதான் கு எழுதினார் என்று புரிந்ததால் மேலே வாதாட விரும்பவில்லை என்றார். பெருந்தன்மையான வார்த்தை. ஆனால் அன்று அவர் மௌனமாகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் அந்த விவாதம் இப்போது சீனாவில் திரும்பி வந்திருக்கிறது. 56 என்று பிரித்ததே தவறு, இரண்டாம் தலைமுறை இனக்கொள்கை வேண்டும் என்று 2011இலிருந்து அறிஞர்கள் சிலர் எழுதினார்கள். சீனத் தேசிய இனச் சமூகம் என்ற உணர்வை வார்த்தெடுப்பது இன்று அரசின் அதிகாரபூர்வக் கொள்கை. அதற்கென்று 2024இல் பல்கலைக்கழகப் பாடநூலே வந்துவிட்டது. மஞ்சள் பேரரசரும் ஓய்வெடுக்கவில்லை, ஷான்ஷியிலும் ஹெனானிலும் ஆண்டுதோறும் அவருக்குப் பெரிய வழிபாடு நடக்கிறது. 2020 செப்டம்பரில் உள் மங்கோலியாவின் மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழி, அரசியல், வரலாறு ஆகிய பாடங்களைச் சீன மொழிக்கு மாற்றியபோது, பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். திபெத்தியக் குழுவில் முழுதாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று 1939இல் ஒரு வரியில் முடிக்கப்பட்ட அதே மக்கள்தான்.

1939 கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதோடு ஃபெய்யின் பதிலையும், 1923இன் அந்த நான்கு உடைப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கு ஜியேகாங்கைத் தங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்துத்தான் அவர்கள் எடுக்கிறார்கள். ஒரே மூதாதையர் என்ற கதைக்கு எதிராகப் பாடநூல் எழுதித் தடைவாங்கிய பகுதியும், சூஜோவின் பேச்சுமொழிப் பாடல்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்த பகுதியும் அந்த ஆளிடம் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இந்த ஒரு தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.